தடித்த பக்கம்

"எல்லாப் பிள்ளைங்க தலையையும் பார்க்கணும் மேடம். வரிசையா உட்கார வச்சு, ஒருத்தர் விடாம. உங்க பேரன் தலையையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

நெவேனா வேலைக்குச் சேர்ந்த அன்றே இயக்குநர் பென்ச்சேவா அவளை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். இந்தப் பாலர் பள்ளியில் எது வேண்டுமானாலும் கேள், வண்ணக் காகிதம் கேள், புதுத் திரைச்சீலை கேள், பிள்ளைகளின் தலையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் கேட்காதே. வருகிறவர்கள் மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், நகராட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் தலையில் கை வைப்பதும் அம்மாக்களின் கன்னத்தில் அறைவதும் ஒன்று. அன்று நெவேனா தலையாட்டினாள். வேலை வேண்டியிருந்தது, ஆட்டினாள்.

இப்போது அதையே கேட்டுவிட்டு மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

பென்ச்சேவா தலைமுடியைக் கோபுரமாகத் தூக்கி வாரி, ஸ்ப்ரே அடித்துக் கெட்டிப்படுத்தியிருப்பார். காற்றடித்தால் ஊரில் மரம் அசையும், அது அசையாது. அந்தக் கோபுரத்துக்குள் பென்சிலின் பின்முனையை விட்டு, காதுக்குப் பின்னால் மெதுவாகக் குடைந்துகொண்டே பதில் சொன்னார்.

"இது என்ன பட்டாளமா, வரிசையா நிறுத்தித் தலையைத் தடவ? காலையில சிஸ்டர் பார்த்தாச்சு. இருந்தவளை அனுப்பியாச்சு. நீங்க போய் விழாவுக்குப் பயிற்சி குடுக்கற வேலையைப் பாருங்க."

அனுப்பியாச்சு. அந்தச் சொல்லைக் கேட்டபிறகும் நெவேனா மேசையை விட்டு நகரவில்லை.

பள்ளி வாசலில் தினமும் காலையில் நர்ஸ் தோன்கா வெள்ளைக் கோட்டோடு நிற்பாள். நாக்கை நீட்டு, கையைத் திருப்பு, நெற்றியைக் காட்டு, உள்ளே போ. நகராட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதோடு முடிந்தது. ஸ்மில்யானாவுக்கு முடியவில்லை. நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சியை எடுத்து, அந்தச் சின்னவளின் பின்னலைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கினாள் தோன்கா. தூக்கிப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற அத்தனை அம்மாக்களுக்கும் கேட்கும்படி, "பேன்" என்றாள். அத்தனை அம்மாக்களும் தங்கள் பிள்ளையை ஒரு அடி தள்ளி நிறுத்திக்கொண்டார்கள்.

ஸ்மில்யானாவின் அம்மா இவான்கா ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவள். வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டிய பூ. இருட்டில் மகளையும் இழுத்துக்கொண்டு போய், வரப்பில் தூங்கவைத்து, பறிப்பின் நடுவே ஓடிவந்து பள்ளியில் விட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். கையெல்லாம் முள் கீறல், மேலெல்லாம் ரோஜா வாசம். இந்த ஊரில் ரோஜா வாசம் அடித்தால் பணக்காரர் என்று யாரும் நினைப்பதில்லை. கூலிக்காரர் என்றுதான் நினைப்பார்கள்.

"இவ்வளவு முடி எதுக்கு இவளுக்கு? மொத்தமா எடுத்துடு. தலை சுத்தமானதும் கூட்டிட்டு வாம்மா" என்றாள் தோன்கா. இவான்கா சண்டை போடவில்லை. சண்டை போட நேரமில்லை. சாயங்காலம் வெட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஸ்மில்யானாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். மற்றப் பிள்ளைகள் அம்மாவின் விரலைப் பிடித்து நடப்பார்கள். அம்மாவின் கைகள் எப்போதும் நிறைந்திருப்பதால் இவள் தன் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அன்றும் அப்படியே பிடித்துக்கொண்டு போனாள்.

இதே வாசலில்தான் நெவேனாவையும் சின்ன வயதில் ஒருநாள் திருப்பி அனுப்பினார்கள். அவளுடைய அம்மா இந்தப் பள்ளியில்தான் தரை துடைத்தாள். துடைத்த தரைமீது நின்றுகொண்டே இன்னொரு நர்ஸ் முடியை எடுக்கச் சொன்னாள், அப்பா ஆட்டுக்கு ரோமம் வெட்டுகிற கத்தரியால் மொட்டையடித்து மண்ணெண்ணெய் பூசினார். கோடை முழுக்கக் கம்பளித் தொப்பி. வகுப்புப் புகைப்படத்தில் கடைசியில் தொப்பியோடு நிற்பது அவள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள். பட்டமளிப்பு அன்று பிளவ்திவ் நகரில் தலையில் கறுப்புத் தொப்பியை வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளுக்குக் காது சுட்டது.

ஸ்மில்யானாவுக்கு அது நடக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள் அந்தக் கத்தரி நிற்க வேண்டும். நெவேனாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் "உன் பிள்ளைக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் இருக்கிறது" என்று இவான்காவிடம் சொல்ல வேண்டுமென்றால், எல்லாருக்கும் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

பென்ச்சேவா பென்சிலை ஆட்டிக் கதவைக் காட்டினார். நெவேனா கதவைச் சாத்தாமலே வந்தாள்.

வகுப்பின் பெயர் பொறிவண்டு வகுப்பு. கதவில் ஒரு பெரிய பொறிவண்டு, அலமாரிக்கு அலமாரி ஒரு பொறிவண்டு, அடுத்த வாரம் ஆண்டு விழாவில் பொறிவண்டு நடனம். அதற்கென்று சிவப்புக் கம்பளித் துணியில் கறுப்புப் புள்ளி வைத்துத் தைத்த தொப்பிகள், மேலே கம்பியில் ஆடும் இரண்டு உணர்கொம்புகள். பக்கத்துத் தேனீ வகுப்புக்கும் அதே தொப்பிதான், மஞ்சள் ரிப்பனை மட்டும் மாற்றிக் கட்டுவார்கள். அவர்கள் ஆடி முடித்ததும் சாக்கில் போட்டு இங்கே வரும், இங்கே ஆடி முடித்ததும் அங்கே போகும். நடனத்தில் முதல் பொறிவண்டு இயக்குநரின் பேரன் போயான். ஸ்மில்யானாவுக்குத் தொப்பி கிடையாது. திரைக்குப் பின்னால் நின்று அட்டைச் சூரியனைத் தூக்கிப் பிடிப்பது அவள் வேலை.

நெவேனா சாக்கை ஒரு மூலையில் தள்ளிவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

பூச்சிப் புத்தகம் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். விரித்தால் இரண்டு பிள்ளைகள் அதன்மேல் படுக்கலாம், அவ்வளவு பெரியது. வரைந்தவர் ஒவ்வொரு பூச்சியையும் உயிரோடு உட்கார வைத்து முகம் பார்த்து வரைந்த மாதிரி இருக்கும். சாணி வண்டுக்குக் கடமை உணர்ச்சி முகத்தில் தெரியும். குளவிக்குச் சந்தேகம். ஊரே 'பாதிரியார் பன்றி' என்று கூப்பிடும் பிள்ளைப்பூச்சிக்கு மண்வெட்டி போன்ற முன்னங்கால்கள், வாரத்தில் ஒருநாளாவது யாராவது ஒரு பிள்ளை அந்தக் கால்களுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போகும். எச்சில் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் பளபளவென்றிருக்கும்.

அதற்கு இரண்டு தாள் தள்ளித்தான் தடித்த பக்கம். ஓரங்கள் மூன்றும் கோதுமைப் பசையால் ஒட்டியிருக்கும். ஒரு அம்மா முன்பு எப்போதோ முகம் சுளித்தாளாம், பென்ச்சேவாவே தம் கையால் ஒட்டினாராம். உள்ளே என்ன இருக்கிறது என்று நெவேனாவுக்குப் பொருளடக்கத்தைப் பார்த்துத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாததால் உலகத்திலுள்ள எல்லாம் அதற்குள் இருந்தது. தேள் என்பான் போயான். ஒருத்தி உள்ளே இன்னும் பூச்சி வரையாத வெள்ளைத் தாள் இருக்கிறது என்பாள். பாதிரியார்தான் உள்ளே இருக்கிறார், பன்றியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது இன்னொருவனின் கட்சி.

"மிஸ், இன்னைக்காவது தடிப் பக்கம்?" என்று கேட்டான் போயான். தினமும் கேட்பான். தினமும் அவள், அது ஒட்டிக்கிச்சுடா என்பாள்.

"இன்னைக்குத் திறக்கலாம்" என்றாள்.

வகுப்பே புத்தகத்தைச் சுற்றி நெருங்கியது.

காலை உணவுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா பென்காவிடம் வெண்ணெய்க் கத்தி கேட்டாள். பென்கா ஏன் என்று கேட்கவில்லை. கத்தியில் ஒட்டியிருந்த மிளகாய்த் துவையலை ஏப்ரனில் துடைத்துக் கொடுத்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள், நெவேனாவின் முகத்தைப் பார்த்தாள், லிண்டன் பூ டீ கொதித்த கெட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"ஆவியில காட்டு, பசை விடும். கிழிஞ்சா நான் இங்க இல்ல, கழிவறை கழுவப் போயிருந்தேன்."

பசை விட்டது. ஒரு ஓரம், இன்னொரு ஓரம், கடைசியில் சின்னச் சத்தத்தோடு பக்கம் திறந்தது.

இரண்டு தாள் முழுக்க ஒரே ஒரு பேன்.

இதைத்தான் புத்தகத்தை வரைந்தவர் மற்ற எல்லாவற்றையும்விட ஆசையாக வரைந்திருந்தார். கண்ணாடிபோல் தெரியும் வயிறு, உள்ளே குடித்த ரத்தம் ஒரு கறுப்பு மாதுளை விதை மாதிரி. ஆறு கால், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொக்கி. அந்தக் கொக்கிகளால் கயிறு தடிமனுக்கு வரைந்த ஒரு தலைமுடியைக் கட்டிப்பிடித்து, படகு கவிழ்ந்தவன் கட்டையைப் பிடித்திருப்பதுபோல் தொங்கியது. அடுத்த முடியில் ஈர்கள், முத்துக் கோத்த மாதிரி.

யாரும் சீ என்று சொல்லவில்லை. சீ சொல்வது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

நெவேனா வாசித்தாள். பேனுக்குச் சிறகு கிடையாது. தாவத் தெரியாது. நடக்கத்தான் தெரியும். ஒரு தலையும் இன்னொரு தலையும் தொட்டுக்கொண்டால் நடந்து போகும். சீப்பில் ஏறிப் போகும், தொப்பியில் ஏறிப் போகும். அழுக்குத் தலை, சுத்தத் தலை என்று அது பார்ப்பதில்லை, வெதுவெதுப்பாக இருந்தால் போதும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அதற்குப் பிடித்த இடங்கள்.

"தொப்பியா?" என்றான் போயான். எல்லாத் தலைகளும் மூலையிலிருந்த சாக்கின் பக்கம் திரும்பின.

பிறகு அவன், மிகச் சாதாரணமாக, "எங்க பாட்டி சீப்புல இது இருக்கு. பாட்டி பொடுகுன்னு சொல்றாங்க. ஆனா பொடுகு நடக்குது" என்றான்.

ஆயாம்மா பென்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

நெவேனா பூதக்கண்ணாடியை எடுத்தாள். எறும்பு பார்க்க வாங்கி வைத்தது. ரயில் விளையாட்டு விளையாடுவோம் என்றாள். ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும், முன்னால் இருப்பவரின் காதுக்குப் பின்னால் பார்க்க வேண்டும், படத்தில் இருப்பது கிடைத்தால் கையைத் தூக்க வேண்டும். கத்தக் கூடாது, பூச்சி பயந்துவிடும்.

கைகள் உயர்ந்தன. ஒன்று, இன்னொன்று, ரயில் முழுக்க. நகராட்சிக்காரர் மகளிடம் ஈர் முத்து முத்தாக. மருந்துக்கடைக்காரர் மகனிடம் ஒரு பெரியது, படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி. ஒரே ஒருவனுக்கு இல்லை. அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழத் தயாரானான்.

"எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல மிஸ்."

"அழாத, தலையை இங்க கொண்டா, ஒண்ணு தர்றேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னாள் நகராட்சிக்காரர் மகள்.

நெவேனா ரயிலின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். போயான் எழுந்து வந்து அவள் பிடரியில் கண்ணாடியை வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மிஸ், உங்களுக்கும்."

கோபத்தோடு தொடங்கிய காலை அது. அந்த இடத்தில் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. எல்லாருக்கும். அவளுக்கும். ஸ்மில்யானா என்ற ஒருத்தி மட்டும் இல்லை.

அப்போதுதான் பயிற்சி ஏன் தொடங்கவில்லை என்று பார்க்கப் பென்ச்சேவா வந்தார். பின்னால் நர்ஸ் தோன்கா. தரையில் ரயில், நடுவில் திறந்த பேன், கையில் பூதக்கண்ணாடியோடு பேரன். பென்ச்சேவாவின் முகம் தொப்பியைவிடச் சிவந்தது. என்ன சொல்ல வாயெடுத்தாரோ தெரியாது, அதற்குள் போயான் ஓடிப்போய்ப் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"பாட்டி, குனி. உனக்கும் பார்க்கறேன். வலிக்காது."

அவர் குனியவில்லை. ஆனால் அவருடைய கை, அவரைக் கேட்காமலே, காதுக்குப் பின்னால் போனது. போன கை அங்கேயே நின்றது. தரையில் விரிந்திருந்த படத்தைப் பார்த்தார். அவர் தாமே ஒட்டிய படம். பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில், பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில், மெதுவாக உட்கார்ந்தார்.

"தோன்கா, பாரு."

"மேடம், பிள்ளைங்க முன்னாலயா..."

"பாருன்னா பாரு."

கோபுரத்தைப் பிரிக்கத் தோன்காவுக்குச் சற்று நேரம் பிடித்தது. கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தாள், அவர்கள் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்கள். பிரித்து, விலக்கி, கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"பேன்தான் மேடம். வேற ஒண்ணும் இல்ல. குடும்பமா இருக்கு."

"தோல்ல ஒண்ணும் இல்லையே? கட்டி, புண்ணு?"

"இல்ல மேடம். பேன்."

பென்ச்சேவா அழுகிறார் என்றுதான் நெவேனா முதலில் நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டரிலிருந்து அரிப்பு, என்றார். மாவட்ட மருத்துவமனையில் ஒரு மருத்துவர் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார், இன்னொருவர் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். அந்த முடிவு வருவதற்குப் பயந்து பயந்து அவர் சரியாகத் தூங்கவே இல்லை. "என் அக்காவுக்கும் இப்படி அரிப்புலதான் ஆரம்பிச்சுது. அடுத்த வருஷம் ஆளே இல்ல" என்றார். பிறகு பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பேன்டா" என்று அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துச் சொன்னார், ஏதோ பரிசு விழுந்த செய்தி போல.

நெவேனாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததற்காகத் தன்மீதே கோபம் வந்தது. இந்த நிம்மதி இந்த அம்மாளுக்கு மட்டும் போதுமா?

"சிஸ்டர், இவான்காவுக்குப் போன் போடுங்க. முடியை வெட்டாதேன்னு சொல்லுங்க. நீங்கதானே வெட்டச் சொன்னீங்க."

தோன்கா முணுமுணுத்தாள். முடிதானே, வளரும்.

"வளரும். எனக்கும் வளர்ந்துச்சு. போடுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. தோன்கா உதட்டைப் பிதுக்கினாள், நெவேனா மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் அடித்து அடித்து ஓயும் தறுவாயில் ஒரு சின்னக் குரல் எடுத்தது. நெவேனா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஸ்மில்யானா, நான் மிஸ் பேசறேன். அம்மா எங்கம்மா?"

"பூ மூட்டை எடை போடப் போயிருக்காங்க."

"உன் முடி?"

"இருக்கு மிஸ். கையில பிடிச்சிருக்கேன்."

நெவேனா சுவரில் சாய்ந்தாள். இந்தக் குரல், அந்தப் பின்னல், அந்தக் கை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"கத்தரிக்கோலை யாரும் தொடக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லு. நான் மருந்து கொண்டுட்டு வர்றேன். உனக்கு மட்டும் இல்ல கண்ணு, எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு."

"போயானுக்கும்?" என்று கேட்டாள் ஸ்மில்யானா.

"போயானுக்கும்."

"அப்ப சரி" என்று போனை வைத்துவிட்டாள்.

பிள்ளைகளுக்கு மதியத் தூக்கம் போடும் நேரமாகிவிட்டது. பென்கா கட்டில்களை இடம்விட்டு இழுத்துப் போட்டாள். தொப்பிச் சாக்கை வாய் கட்டி, பேன் உறைந்து சாகச் சமையலறைக் குளிர்பெட்டியில் போட வேண்டும் என்று தோன்கா சொன்னபோது, கொத்துக்கறி உருண்டைக்குப் பக்கத்தில் பேன் தொப்பி வைத்தால் சமையல்காரி தன்னையும் சேர்த்து உறைய வைத்துவிடுவாள் என்று பென்கா சொன்னாள். சொல்லிக்கொண்டே தூக்கிப் போனாள்.

பென்ச்சேவா மறுபடி கோபுரத்தைக் கட்டத் தொடங்கியிருந்தார். கட்டக் கட்டக் குரலும் பழைய குரலாயிற்று. எல்லாருக்கும் மருந்து கொடுக்கலாம், முன்னெச்சரிக்கை என்று அம்மாக்களிடம் சொல்லிக்கொள்ளலாம். யார் பெயரும் வெளியே போகக் கூடாது.

"ஒரு பேர் காலையிலயே போயிடுச்சே மேடம்" என்றாள் நெவேனா. "வாசல்ல, எல்லார் காதுலயும் விழற மாதிரி போச்சு. அதை எப்படித் திரும்ப எடுக்கப் போறீங்க?"

அந்தப் பிள்ளை விழா முடிந்து வரட்டும், அதற்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றார் பென்ச்சேவா.

"மறக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில வரட்டும். சிஸ்டர் வாசல்ல நின்னு எல்லார் தலையையும் பார்க்கட்டும். முதல்ல உங்க தலை."

"அது முடியாது" என்றார் பென்ச்சேவா. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோல்தான் இருந்தது. "என்னால முடியாது நெவேனா. இந்த ஊர்ல நான் தலை நிமிர்ந்து நடக்கணும்." பழக்கதோஷத்தில் சேர்த்தார்: "உங்க ஒப்பந்தம் ஜூன்ல புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

அவருக்குப் பயம். அந்தப் பயத்தை நெவேனா நன்றாகவே அறிவாள், ஒரு கோடை முழுக்கத் தலையில் சுமந்திருக்கிறாள். இவருக்கு அது இப்போதுதான் வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் பயந்ததைவிட இது கம்மிதான். பழகிக்கொள்வார்.

அவள் வாதாடவில்லை. ரயிலின் கடைசியில் உட்கார்ந்து போயானின் விரல்களைப் பிடரியில் உணர்ந்தபோதே அவளுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டிருந்தது. நாளைக்குக் காலையில் வாசலில் அம்மாக்கள் கூடும்போது, தோன்காவின் முன்னால் முதல் ஆளாகத் தானே போய் நிற்பது. கொண்டையை அவிழ்த்து, குனிந்து, "எனக்குப் பேன் இருக்கு சிஸ்டர், பாருங்க" என்று, காலையில் தோன்கா சொன்ன அதே சத்தத்தில் சொல்வது. பக்கத்தில் ஸ்மில்யானா, பின்னலோடு. பள்ளி ஆசிரியைக்கே இருக்கிறதென்றால் எந்த அம்மா தன் பிள்ளையைத் தள்ளி நிறுத்துவாள், எங்கே நிறுத்துவாள்?

தோன்காவின் அலமாரியைத் திறந்து மருந்து பாட்டிலையும் பேன் சீப்பையும் எடுத்துப் பையில் போட்டாள். தோன்கா தடுக்கவில்லை. இன்னொரு பாட்டிலையும் எடுத்து நீட்டினாள். "அவங்க அம்மாவுக்கும் இருக்கும். நீளமான முடி, நல்லா ஊறணும்னு சொல்லு" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

நெவேனா வகுப்பிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். ஸ்மில்யானா மட்டும்தான் அந்தப் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை. கட்டிலில் தூங்காமல் கிடந்த போயான், ஒரு கண்ணைத் திறந்து, பாதிரியார் உள்ளே இல்லை என்று அவளிடம் சொல்லச் சொன்னான்.

"வேலை நேரத்துல எங்க?" என்று அறைக்குள்ளிருந்து பென்ச்சேவா கூப்பிட்டார்.

"பேன் எடுக்க மேடம்" என்றாள். பெரிய புத்தகத்தைக் கதவில் இடிக்காமல் பக்கவாட்டில் திருப்பி, கைக்குள் இடுக்கிக்கொண்டு, வாசற்படி இறங்கி ரோஜாத் தோட்டத்துப் பாதையில் நடந்தாள். போகும்போதே கொண்டை ஊசியை உருவி வாயில் கவ்விக்கொண்டு, பிடரியை நன்றாக, ஆசை தீரச் சொறிந்துகொண்டாள்.